தேனீப் பெட்டிக்குக் குளவியிடமிருந்து பாதுகாப்பு

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



ஆடி பிறந்து ஐப்பசி முடியும்வரை எங்கள் அலுவலகத்துக்கு வருகிற தேனீ வளர்ப்போரில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "சார், பங்குனி வரைக்கும் பெட்டி நிறைய ஈ இருந்தது. இப்போ திறந்து பார்த்தா வெறும் அடைதான் தொங்குது. ஈ எங்கே போச்சுன்னே தெரியலை" என்பார்கள். பெட்டிக்கு முன்னால் தரையிலே என்ன கிடந்தது என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, "சிறகும் காலும் தலையும் சிதறிக் கிடந்தது சார்" என்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஈக்கள் நோயில் சாகவில்லை. பாதி குளவிக்கு இரையாயிற்று. மீதி குளவிக்குப் பயந்து குடும்பத்தோடு கூட்டை விட்டு ஓடிவிட்டது. இதை எப்படித் தடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

எந்தக் குளவி எதிரி?

குளவியிலே பல சாதி உண்டு. வீட்டுச் சுவரிலும் கதவு இடுக்கிலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுகிறதே, அந்த வேட்டுவன் குளவி நம் பெட்டிப் பக்கமே வராது. சிலந்தியையோ புழுவையோ பிடித்துக் கூட்டுக்குள் அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிடும். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குகிறது என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் உள்ளே இருக்கும் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருவது குளவியின் குஞ்சு. தாழ்வாரத்தில் காகிதம்போல் சின்னக் கூடு கட்டித் தொங்கும் ஒல்லிக் குளவியும் நமக்குப் பெரிய எதிரி அல்ல. பருத்தி, காய்கறிச் செடிகளில் இருக்கும் புழுக்களைப் பொறுக்கித் தின்னும் நண்பன் அது. இவற்றையெல்லாம் அடித்துக் கொல்ல வேண்டாம்.

பெட்டிக்கு எமனாக வருவது பெருங்குளவி. தெற்கே கடந்தை என்பார்கள். தஞ்சை, திருச்சிப் பக்கம் கதண்டு என்பார்கள். பத்திரிகையில் விஷ வண்டு, கதம்ப வண்டு என்று போடுவதும் இதைத்தான். ஆனால் இது வண்டு அல்ல, குளவிதான். கருத்த உடம்பு, வயிற்றின் மேல்பாகத்தில் அகலமான மஞ்சள் பட்டை, தேனீயைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம். பறக்கும்போதே 'ங்ங்' என்று கனத்த சத்தம் வரும். மரத்துண்டு, பட்டைகளைச் சுரண்டி மென்று எச்சிலோடு குழைத்து, காகிதம் மாதிரி பொருளால் கூடு கட்டும். மரப்பொந்து, புதர், தென்னை பனை உச்சி, பாழடைந்த சுவர், சில வேளை மண்ணுக்கு அடியில்கூட அந்தக் கூடு இருக்கும்.

வளர்ந்த குளவிக்கு வேண்டியது இனிப்பான சாறுதான். இறைச்சி வேண்டியிருப்பது அதன் கூட்டில் இருக்கும் புழுக்களுக்கு. கூட்டில் புழுக்கள் பெருகப் பெருக வேட்டையும் பெருகும். மழைக்காலத்திலும் அதற்கு அடுத்த மாதங்களிலும் தொல்லை உச்சத்துக்குப் போவது இதனால்தான். ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனியில் தேன் வரத்து கொட்டுகிற குமரி மாவட்டத்திலே, மழை மாதங்கள் பூ இல்லாத பஞ்ச காலம். ஈக்கு உணவு குறைந்து, குடும்பம் மெலிந்திருக்கும் அதே நேரத்தில் எதிரி பலமாக வருகிறான். இந்த இரண்டும் சேருவதுதான் ஆபத்து.

வேட்டையாடும் விதம்

காலை வெயில் ஏறியதும் ஒரு பத்து நிமிடம் பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேர் எதிரே நிற்க வேண்டாம், ஈயின் பாதையை மறிக்கும். குளவி வந்தால் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் அந்தரத்தில் நின்றபடி பறக்கும். அதன் முகம், வயலிலிருந்து திரும்பி வரும் ஈக்களைப் பார்த்து இருக்கும். மகரந்தம் சுமந்து களைத்து வரும் ஈயை 'லபக்' என்று பிடிக்கும். பக்கத்தில் ஒரு கிளையில் போய்த் தொங்கி, தலையையும் வயிற்றையும் சிறகையும் கத்தரித்துப் போட்டுவிட்டு, சதைப்பிடிப்பான நெஞ்சுப் பகுதியை மட்டும் உருண்டையாக்கி எடுத்துப் போகும். நீங்கள் தரையில் பார்க்கும் தலையும் காலும் அந்தக் கழிவுதான். வழி தெரிந்துகொண்டால் அதே குளவி மறுபடி மறுபடி வரும்.

இழப்பு எவ்வளவு? கணக்குக்காக ஒரு நாளைக்கு 100 ஈ போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 3,000 ஈ. பூக்காலத்தில் ராணி தினமும் சில நூறு முட்டைகள் இட்டு அந்தக் குறையை நிரப்பிவிடும். மழைக்காலத்தில் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடுகிறது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கிறது.

அதையும்விடப் பெரிய நஷ்டம் பயத்தால் வருகிறது. வாசலில் குளவி நின்றால் வயலுக்குப் போக வேண்டிய ஈக்களும் வாசலுக்குள்ளேயே கூட்டமாக நின்று காவல் காக்கின்றன. மகரந்தம் வராது. மகரந்தம் வராவிட்டால் புழுவுக்கு உணவில்லை. புழு அறை காலியாகும். நம் நாட்டு இந்தியத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. உணவும் இல்லை, நிம்மதியும் இல்லை என்றால் ஒருநாள் ராணியோடு மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். கடன் வாங்கிப் பத்துப் பெட்டி வைத்திருக்கும் ஒரு மகளிர் குழுவுக்கு, மழை முடிந்து பார்க்கும்போது மூன்று பெட்டிதான் மிஞ்சியது என்றால், அடுத்த மாசியில் வர வேண்டிய தேன் மட்டுமா போச்சு? கடன் தவணையே நின்றுபோகும். ஆகவே, தேன் வருமானம் நிச்சயப்படுவது தேன் எடுக்கும் நாளில் அல்ல. மழைக்காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றும் நாட்களில்தான்.

தேனீக்கும் தற்காப்பு உண்டு

நம் இந்தியத் தேனீ சும்மா சாகிற சாதி அல்ல. குளவியைக் கண்டதும் வாசலில் நிற்கும் ஈக்கள் ஒன்றாகச் சேர்ந்து வயிற்றை ஆட்டி 'உஸ்' என்று சீறும். குளவி வாசற்பலகையில் இறங்கிவிட்டால், பல ஈக்கள் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்து பந்துபோல் மூடிக்கொள்ளும். கொட்டுவதில்லை. சிறகுத் தசையை அதிரவைத்து உடம்புச் சூட்டை ஏற்றுகின்றன. ஜப்பான் நாட்டிலே இதே இனத்துத் தேனீ, அங்குள்ள ராட்சதக் குளவியை இப்படி மூடி, பந்துக்குள் சூட்டை ஏறக்குறைய 46 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோய்க் கொல்வதை விஞ்ஞானிகள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தச் சூட்டைத் தேனீ தாங்கும், குளவி தாங்காது. வியட்நாமிலே இந்த இனத் தேனீ மாட்டுச் சாணம் போன்றவற்றைக் கொண்டுவந்து வாசலைச் சுற்றிப் பூசிக் குளவியை விரட்டுவதாக 2020-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று.

ஆகவே வாசலில் ஈக்கள் பந்தாகத் திரண்டிருந்தால் புகை போட்டோ, குச்சியால் கிளறியோ கலைக்காதீர்கள். அவை தம் வேலையைச் செய்கின்றன. ஆனால் பந்து கட்ட ஆள்பலம் வேண்டும். மெலிந்த குடும்பத்தால் அது முடியாது. இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியத் தேனீ அளவுக்குக் கூட்டமாகப் பந்து கட்டிக் குளவியை மடக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

வாசலை ஒடுக்குங்கள்

முதல் வேலை வாசல். நியூட்டன் பெட்டியில் வாசல் பூக்காலப் போக்குவரத்துக்காக அகலமாக விடப்பட்டிருக்கிறது. பஞ்ச காலத்தில் அவ்வளவு தேவையில்லை. ஒரு மரச்சட்டத்தை வைத்து அகலத்தை இரண்டு விரற்கடை அளவுக்குக் குறையுங்கள். உயரம் 5 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஈ தாராளமாக நுழையும், குளவியின் தடித்த நெஞ்சு நுழையாது. குறுகிய வாசலைக் காக்க நாலைந்து காவல் ஈ போதும். வீட்டுக்கு ஒரு வாசல் என்றால் ஒரு காவல்காரன். நாலு வாசல் என்றால் நாலு பேர் வேண்டாமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. குளவித் தடுப்பு வேறு, ராணித் தடுப்பு வேறு. ராணித் தடுப்பின் இடைவெளி இன்னும் சிறியது. அதில் வேலைக்கார ஈ மட்டும்தான் போய்வரும். ராணி ஓடிவிடும் என்று பயந்து அதை மாதக்கணக்கில் மாட்டி வைக்கிறார்கள். புது ராணி பிறந்த பெட்டியானால், அது வெளியே பறந்துபோய் ஆண் ஈயோடு சேர முடியாமல் மலடாகி, குடும்பமே அழியும். முட்டையிடும் ராணி உள்ள பெட்டிக்கு, ஆபத்தான சில நாட்களுக்கு மட்டும் மாட்டலாம். அதற்குள் குளவித் தொல்லையை ஒழிக்க வேண்டும். காரணத்தைப் போக்காமல் கதவை மட்டும் பூட்டினால் பயன் இல்லை.

அடுத்தது, பெட்டியின் இடுக்குகள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பெட்டியில் மூலை விரிந்திருக்கும். மூடி சரியாக உட்காராது. களிமண்ணும் சாணமும் குழைத்து அப்பிவிடுங்கள், அல்லது மரச்சட்டம் அடித்து மூடுங்கள். பெட்டிக்கு முன்னால் பத்தடி தூரத்துக்குப் புதரும் நெடும்புல்லும் இல்லாமல் வெட்டிவிடுங்கள். குளவி இரையோடு தொங்குவதற்குக் கிளை இருக்காது, வந்தால் உங்கள் கண்ணிலும் படும்.

மட்டையும் பொறியும்

குளவி வரத் தொடங்கிய முதல் வாரமே அடித்துக் கொல்வதுதான் செலவில்லாத வழி. பழைய பூப்பந்து மட்டை இருந்தால் நல்லது. இல்லையென்றால் பாளையிலோ பனைமட்டையிலோ ஒரு தட்டி செய்துகொள்ளுங்கள். அந்தரத்தில் நிற்கும் குளவியைப் பின்பக்கமிருந்து ஒரே அடியில் வீழ்த்தி, காலால் நசுக்கிவிட வேண்டும். குறி தப்பினால் அது உங்கள்மேல் பாயும்; முழுக்கைச் சட்டையும் முகவலையும் இல்லாமல் இறங்காதீர்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு விடவே கூடாது. செத்த குளவிகளைப் பெட்டியடியில் போட்டு எறும்பை வரவழைக்காமல் தள்ளிக் கொண்டுபோய்ப் புதையுங்கள். முன்னேரத்தில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை என்று வாரம் முழுவதும் பார்த்தால் வரத்து குறைவது தெரியும். குறையவே இல்லையானால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆள் நிற்க முடியாதவர்கள் பொறி வைக்கலாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலை மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய பாகத்தைத் தலைகீழாகப் புனல்போல் பாட்டிலுக்குள் செருகுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லம் கரைத்து, நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். புளித்த வாடை வந்ததும் ஒரு பெரிய கரண்டி வினிகரும், நாலு சொட்டு சோப்புக் கரைசலும் சேர்த்து, பாட்டிலில் நாலு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். வினிகர் எதற்கு? அந்த வாடைக்குத் தேனீ பொதுவாக வராது, குளவி வரும். தேனை மட்டும் இரையாக வைத்துவிடாதீர்கள். உங்கள் ஈயே போய் விழும். பொறியைப் பெட்டிக்கு இருபது முப்பது அடி தள்ளி, நிழலில், மார்பு உயரத்தில் கட்டுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொறியில் தேனீயோ வண்ணத்துப்பூச்சியோ நிறைய விழுந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் குளவியை இழுக்கும். ஆகவே வீட்டுக் கழிவைப் பெட்டிப் பக்கம் கொட்டாதீர்கள். சிலர் கறித்துண்டில் பூச்சிமருந்து தடவி வைக்கிறார்கள். இது கூடவே கூடாது. காக்கை தின்னும், நாய் தின்னும், கோழி தின்னும். குழந்தை கையிலும் அகப்படும். பெட்டியருகே மருந்து தெளிப்பதும் அப்படித்தான். குளவியோடு ஈயும் சேர்ந்து போகும்.

கூட்டைத் தேடும்போது உயிர் முக்கியம்

இரையோடு போகும் குளவி பெரும்பாலும் நேர்கோட்டில் கூட்டுக்குப் பறக்கும். மாலை வெயிலில் அது போகும் திசையை இரண்டு இடத்தில் நின்று குறித்துக்கொண்டால், இரண்டு கோடும் சந்திக்கும் பக்கத்தில் கூடு இருக்கும். தாய்க்குளவி ஒன்றே ஒன்று தொடங்கிய, கோழிமுட்டை அளவுச் சிறு கூடானால் அப்போதே நீக்கிவிடலாம். ஒன்றைத் தொடக்கத்தில் நீக்கினால் பின்னால் நூற்றுக்கணக்கில் வருவதைத் தடுத்ததாகும்.

பெரிய கூடு என்றால் கதை வேறு. குளவிக் கூட்டைக் கலைத்தாற்போல் என்று சும்மாவா சொன்னார்கள்? தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. ஒருமுறை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும், ஈயும் செத்துப்போகும். குளவி அப்படியல்ல. அது ஊசிபோல் திரும்பத் திரும்பக் கொட்டும். ராத்திரியிலே மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டிக்கொண்டு தென்னை மரத்தில் ஏறுகிற வழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது. மேலே போனவனுக்கு ஓடவும் முடியாது, குதிக்கவும் முடியாது. கொட்டு தாங்காமல் கை நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தேன் ஒரு போகம் போனால் அடுத்த போகம் வரும். வீட்டு ஆண்பிள்ளை போனால் வருமா? ஆகவே உயரத்தில் இருந்தாலும், குடியிருப்புக்கு அருகில் இருந்தாலும், பெரிய கூட்டை நீங்கள் தொட வேண்டாம். 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பாதுகாப்பு உடையும் பயிற்சியும் உள்ளவர்கள் வந்து அகற்றுவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காட்டோரத்தில், பெட்டிக்கு வெகுதூரத்தில் இருக்கும் கூட்டை விட்டுவிடுங்கள். அதுவும் பயிர்ப்புழுவைத் தின்கிற பிராணிதான்.

கொட்டு பட்டுவிட்டால், முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். தேனீயின் கொடுக்கு தங்கியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் ஒரே கொட்டாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பல கொட்டு பட்டவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் பின்னால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சுண்ணாம்பு தடவிவிட்டு வீட்டில் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும்.

குடும்பம் பலமாக இருக்கட்டும்

இத்தனை உபாயமும் பலமான குடும்பத்துக்குத்தான் முழுப்பலன் தரும். பூக்காலக் கடைசியில் சொட்டுத் தேன்கூட விடாமல் எடுத்துவிடாதீர்கள். புழு அறையில் உள்ள தேனைத் தொடவே வேண்டாம், அது ஈயின் சேமிப்பு. மழை மாதங்களில் வாரம் ஒருமுறை சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, காய்ச்சி ஆறவைத்த பாகை, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பாகு வெளியில் சிந்தினால் எறும்பும் குளவியும் மோப்பம் பிடித்து வரும். ஈ படராத காலி அடைகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெழுகுப்பூச்சி புகும். நாலு அடைக்குக் குறைவாக ஈ மூடியிருக்கும் இரண்டு மெலிந்த குடும்பத்தைத் தனித்தனியே வைத்து இரண்டையும் இழப்பதைவிட, ஒன்றாகச் சேர்த்து ஒன்றைக் காப்பாற்றுவது மேல்.

எல்லாம் செய்தும் தொல்லை அடங்காவிட்டால், இரவில் வாசலை வலையால் மூடி, பெட்டிகளை 3 கிலோமீட்டருக்கு அப்பால் பூ உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால் ஈ பழைய இடத்துக்கே திரும்பிப்போய் அலையும்.

உங்கள் முயற்சி பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையிலே ஐந்து நிமிடம், காலில் மகரந்த உருண்டையோடு உள்ளே போகும் ஈக்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை வாரா வாரம் ஏறினால் குடும்பம் பயம் தெளிந்து வேலைக்குப் போகிறது என்று அர்த்தம். இறங்கினால் மறுபடி வாசலைப் பாருங்கள், சுற்றுப்புறத்தைப் பாருங்கள்.

1991-ம் ஆண்டு வாக்கில் தென்னாட்டில் பரவிய வைரஸ் நோயால் மார்த்தாண்டம் வட்டாரத்தில் இந்தியத் தேனீக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக அழிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வைரசுக்கு மருந்து கிடையாது. குளவிக்கு மருந்தே தேவையில்லை. குறுகிய வாசல், ஒரு மட்டை, நாலு பாட்டில், கொஞ்சம் சர்க்கரை, உங்கள் கண்காணிப்பு, இவ்வளவு போதும். நேரில் கற்றுக்கொள்ள விரும்புவோர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையையோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். குமரி மாவட்டத்தார் திருப்பதிசாரத்துக்குப் போகலாம்.

நாளைக் காலையிலே பெட்டிப் பக்கம் போகும்போது மூடியைத் திறக்குமுன் தரையைப் பாருங்கள். சிறகும் காலும் கிடந்தால் அன்றைக்கே வாசலை ஒடுக்கிவிடுங்கள்.